அம்மாவை அழைத்துக்கொண்டு சீனப் பெருஞ்சுவர் ஏற முடியுமா?

வயதான அம்மாவோடு போகிறீர்கள், பெய்ஜிங் பக்கத்தில் சுவர் ஏற இருக்கும் இடங்களில் பதாலிங் பக்கம் போவதா முத்தியான்யூ பக்கம் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முத்தியான்யூ போங்கள். அம்மாவுக்கு மூட்டு வலி இருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன், எந்த வீட்டில் இல்லை? ரோப் கார் 14-ஆம் காவல் கோபுரத்தில் இறக்கிவிடும். அங்கேயே கொஞ்சம் நடந்துவிட்டு அதிலேயே இறங்கிவிடுங்கள். 20-ஆம் கோபுரம் பக்கம் மட்டும் வேண்டாம்.

அந்தப் பக்கம் போய் அவதிப்பட்டவன் நான். கிருஷ்ணகிரியில் சின்னதாக கிரானைட் பாலிஷ் தொழில். 2018 மார்ச்சில் சியாமென் கல் கண்காட்சிக்குப் போய், அப்படியே இரண்டு நாள் பெய்ஜிங். (தொழில் என்று சொல்லி ஊர் சுற்றினான் என்று எழுத வருபவர்களுக்கு: சொந்தக் காசு.)

பெய்ஜிங்கிலிருந்து முத்தியான்யூ சுமார் 70 கிலோமீட்டர். அவர்கள் ஊர் ரயில்களைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத் தலைநகரம், இங்கே ரயில் நிலையமே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் ஓடியது, அதையும் பிடுங்கிவிட்டார்கள். இன்றைக்கும் ரயில் ஏற ஓசூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் பிடிக்க வேண்டும். சரி, அது கிடக்கட்டும்.

சின்ன வயதில் சையத் பாஷா மலைக் கோட்டைக்குச் செருப்பில்லாமல் ஓடி ஏறியவன், இது என்ன பெரிய ஏற்றம் என்று நடந்தேன். படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டி ஒரு பாட்டி ஏறிப் போனார்.

உட்கார்ந்த பிறகுதான் கல்லையே பார்த்தேன். அந்தப் பக்கச் சுவரில் பெரும்பகுதி கிரானைட். சும்மா இருக்க முடியுமா? தடவினேன், மூலை மட்டம் பார்த்தேன், போட்டோ எடுத்தேன். வந்த கூட்டம் மலையைப் படம் எடுத்தது, இரண்டு பேர் என்னையும் எடுத்தார்கள். “சீனா வரைக்கும் போய் அங்கேயும் கல்லா?” என்று வீட்டில் இன்னும் கேட்கிறாள்.

நிலாவிலிருந்து தெரியுமாமே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், தெரியாது. 21,196 கிலோமீட்டர் என்பதும் பல வம்சத்துச் சுவர்களையும் கூட்டிய கணக்கு, ஒரே சுவர் இல்லை.

எங்கள் அப்பா கல் உடைத்தவர். போனில் படங்களைக் காட்டினேன். சீன முகங்களையும் மலையையும் தள்ளிவிட்டு, கல் இணைப்பை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கலவை என்னடா?”

மிங் அரசர் காலத்தில் சுண்ணாம்போடு ஒட்டரிசிக் கஞ்சியைக் கலந்திருக்கிறார்கள் என்றேன். நம் பக்கம் கடுக்காயும் வெல்லமும் போடுவார்களே, அது மாதிரி.

“சுவத்துக்கு அரிசியா?” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். “நாங்க தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்டா அரிசிச் சோறு பாத்தோம். மத்த நாளெல்லாம் களிதான்.”

மீதிப் படங்களை அவர் பார்க்கவே இல்லை.