தாலி கட்டியாச்சு, பதிவு பண்ணியாச்சா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். அண்மையில் முடிந்த அந்தத் தொடர் நாடகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோலாலம்பூர் நடிகை ஒருத்தி, மேடைக்கு விளக்கு கட்டும் பினாங்கு இளைஞர் ஒருவரைக் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தன்னைவிட எட்டு வயது இளையவர். பதிவு கிடையாது. "காகிதம் எதற்கு?" என்கிறாள். அவள் பிரிக்பீல்ட்ஸில், அவர் தன் அம்மாவோடு பிறையில். வார இறுதியில்தான் சந்திப்பு. கடைசி வாரத்தில் அவர் கீழே விழுந்து மருத்துவமனையில் கிடக்கும்போது மாமியார் அவளை வார்டுக்குள் விடவில்லை.

எங்கள் குடும்பப் புலனக் குழு இதனால் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "ரெஜிஸ்டர் பண்ணாங்களா, இல்லையா?" அண்ணி, "இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கீங்களே அத்தை" என்றார். மற்றவர்கள் "நடிகைதானே, அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்கள். அந்த ஆளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா கேட்டது பழமையா? பழி ஏன் அவள் ஒருத்தி மேல் விழுகிறது? இரண்டாம் பாகம் வருமாம். எங்கள் தாமானில் ஆறேழு பெண்கள் சேர்ந்து நிலையத்துக்கு எழுத நினைக்கிறோம். எப்படி எழுதினால் படிப்பார்கள்?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் அம்மா கேட்டதில் பழமை எதுவும் இல்லை. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்துக்குப் பதிவு அடிப்படையானது 1982 மார்ச் 1 முதல்தான். 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சட்டம் அன்றுதான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் சமய வழக்கப்படியோ குல வழக்கப்படியோ முறையாக நடந்த கல்யாணங்களைச் சட்டம் பதிவானவையாகவே ஏற்றுக்கொண்டது. தாலி மட்டும் போதும் என்பதுதான் பழைய காலத்து நிலை. அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால்தான் வியப்பு.

சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்வது இது: பதிவாளர் தரும் சான்றிதழோ முதலமைச்சர் தரும் உரிமமோ, சட்டம் கேட்கும் சத்தியப் பிரமாணமோ இல்லாமல் நடத்தப்படும் கல்யாணம் செல்லாது. கோயிலில் கட்டக்கூடாது என்று பொருளில்லை. நம் கோயில்கள் பலவற்றில் உதவிப் பதிவாளர் இருப்பார், அங்கேயே இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வாங்கிவிடலாம். நாடகத்தில் ஐயர் இருக்கிறார், மேளம் இருக்கிறது, அந்த ஒரு மேசை மட்டும் இல்லை.

ஏன் இல்லை? கதை தமிழ்நாட்டுத் தொடர்களிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது என்பதே என் கணிப்பு. அங்கே 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி சடங்குதான் கல்யாணம். சுயமரியாதைத் திருமணத்துக்கும் 1967இல் சட்டத்தில் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2009இல் பதிவைக் கட்டாயமாக்கினார்கள், ஆனால் பதிவு செய்யாத காரணத்தால் மட்டும் ஓர் இந்துத் திருமணம் அங்கே செல்லாமல் போவதில்லை. சென்னைத் தொடரில் நாயகி தாலியைத் தூக்கிக் காட்டி "நான்தான் பொண்டாட்டி" என்று கேட்டால் அதில் பொருள் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒருத்தி அதையே சொன்னால் பக்கத்து வீட்டு அக்கா "ஜேபிஎன்ல பதிஞ்சியா?" என்று தேசியப் பதிவுத் துறையைத்தான் கேட்பார். எழுதியவர் நாட்டை மாற்றினார், சட்டத்தை மாற்றவில்லை. பார்த்தவர்களின் எரிச்சலில் பாதி இங்கிருந்து வருகிறது. எது உறுத்துகிறது என்று பிடிபடாததால் அதை நடிகையின் ஒழுக்கத்தின் மேல் போடுகிறார்கள்.

நல்ல நாடகத்துக்கான இடமும் இங்கேதான் இருந்தது. பதிவுக்கு மனுக் கொடுத்தால் அறிவிப்பு பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டப்படும். 21 நாள் கழித்துத்தான் சான்றிதழ். அந்த அறிவிப்பு வெளியான ஆறு மாதத்துக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். இடைப்பட்ட நாளில் யாரும் ஆட்சேபம் பதிவு செய்யலாம். ஊரறிந்த நடிகைக்குத் தன் பெயர் மூன்று வாரம் பலகையில் தொங்குவது எப்பேர்ப்பட்ட அச்சம்! மாமியார் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டால்? அவள் பதிவைத் தவிர்த்ததற்கு நம்பக்கூடிய காரணம் கிடைத்திருக்கும். அந்த அறிவிப்பிலிருந்து விலக்கு தந்து முதலமைச்சர் உரிமம் வழங்கவும் இதே சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்கு அலைவது இன்னொரு வாரத்துக்கான கதை. "காகிதம் எதற்கு?" என்ற ஒரு வசனத்தால் இவ்வளவையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டார்கள்.

தனித்தனி வீட்டில் வாழ்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணவன் மனைவி ஒரே கூரையின்கீழ் இருந்தால்தான் கல்யாணம் செல்லும் என்று சட்டம் சொல்வதில்லை. வேலைக்காக ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் ஜொகூரிலும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. வயது வித்தியாசமும் அப்படித்தான், அது அவர்கள் பாடு.

பதிவு வேண்டாம் என்று தெரிந்தே முடிவெடுத்த இருவர் செய்ய வேண்டியவை வேறு. நாடகம் ஒரு காட்சியிலாவது அவற்றைக் காட்டியிருந்தால், "யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்" என்று உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். முதலாவது உயில். 1959ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் ஒருசேர இருந்து கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். பின்னால் மனம் மாறிப் பதிவு செய்தால், அந்தக் கல்யாணத்தை மனத்தில் வைத்து எழுதியிராத பழைய உயில் ரத்தாகும், புதிதாக எழுத வேண்டும். இரண்டாவது ஊழியர் சேமநிதி. தன் காலத்துக்குப் பின் அந்தப் பணத்தை வாங்க யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். முஸ்லிம் அல்லாதவர் நியமித்தால் அந்தப் பணம் நியமனதாரருக்கே உரியது. பலர் தடுக்கி விழுவது மூன்றாவதில், ஆயுள் காப்புறுதியில். அங்கே கணவன், மனைவி, பிள்ளை, இவர்கள் இல்லாதபோது பெற்றோர் ஆகியோரை நியமித்தால்தான் பணம் அவர்களுக்குச் சொந்தம். வேறு யாரை நியமித்தாலும் அவர் பணத்தை வாங்கிப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. பதிவு செய்யாத மனைவி இந்த இடத்தில் சிக்குவாள்.

உயிலும் இல்லை, பிள்ளையும் இல்லை, அந்த இளைஞர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. சான்றிதழ் இல்லாதவள் அந்தப் பாதியைக் கேட்பதற்கு முன், தான் மனைவி என்பதையே வழக்காட வேண்டியிருக்கும். வார்டு வாசலில் மாமியார் மறிக்கும் காட்சிக்கு அடியில் இருக்கும் கணக்கு இதுதான். நாடகம் அதைக் கண்ணீரால் மூடிவிட்டது. பிள்ளை பிறந்திருந்தால் இன்னொரு சிக்கல்: பெற்றோருக்குச் சட்டப்படி கல்யாணம் ஆகாதபோது, தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால்தான் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் ஏறும்.

இரண்டாவது கேள்வி, பழி ஏன் அவள் மேல் மட்டும். நம் சமூகத்தின் பழக்கம் என்பது பாதி உண்மை. 1952இல் சாவித்திரி, ஏற்கெனவே மணமான ஜெமினி கணேசனை மணந்ததிலிருந்து நடிகைகளின் கல்யாணம் நம் வீடுகளில் பேச்சுப்பொருள்தான். மறுபாதி, இந்தத் தொடர் கட்டப்பட்ட விதம். முதல் நாள் நமக்கு அறிமுகமாவது மாமியார். மகனுக்குச் சோறு எடுத்து வைத்துக் காத்திருக்கிறார். பார்ப்பவர் அங்கேயே கட்சி எடுத்துவிடுகிறார். நடிகையின் முந்தைய வாழ்க்கை, அவளுடைய பயம் எல்லாம் ஒன்பதாம் நாள்தான் வருகின்றன. அதற்குள் தீர்ப்பு எழுதியாயிற்று. அவள் ஒவ்வொரு முடிவெடுத்ததும் கேமரா மாமியாரின் முகத்துக்குப் போகிறது, வயலின் ஏறுகிறது. அந்த இளைஞரோ எந்தக் காட்சியிலும் முடிவெடுப்பதே இல்லை. அம்மா கேட்கும்போது கைப்பேசி அடிக்கிறது, இவள் கேட்கும்போது விளம்பர இடைவேளை. முடிவே எடுக்காத ஆளின் மேல் பழி எப்படி ஒட்டும்? திரையில் செயல்படுபவள் அவள் ஒருத்திதான், எல்லாம் அவள் தலையில் விடிகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். முதல் இரண்டு நாள் பகுதிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு காட்சியும் யாருடைய முகத்தில் முடிகிறது என்று குறித்து வையுங்கள். குழுவில் சண்டை போட்ட அண்ணியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்கும் அந்தக் குறிப்புகளே போதும். ஆறு பேரும் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்ப வேண்டாம். அப்படி வருபவற்றை ஒரே புகாராகத்தான் எண்ணுவார்கள். ஆளுக்கொரு காட்சியை எடுத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். தொடரின் பெயர், எத்தனையாவது பகுதி, ஒளியேறிய நாள், காட்சி தொடங்கும் நிமிடம், அங்கே சொல்லப்பட்ட வசனம் ஆகியவை மேலே இருக்கட்டும். அடுத்து, அதனால் பார்ப்பவருக்கு என்ன தவறான எண்ணம் வருகிறது என்பதை இரண்டு வரியில். கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை. "கலாசாரம் கெடுகிறது" என்று எழுதினால் திருத்துவதற்கு அவர்களிடம் எதுவும் இருக்காது. "கோயில் கல்யாணம் மட்டும் போதும் என்று ஏழாம் பகுதியில் வருகிறது, சட்டம் அப்படிச் சொல்லவில்லை, இரண்டாம் பாகத்தில் அவள் அதை அறிந்துகொள்ளும் காட்சி வைக்க வேண்டும்" என்றால் எழுத்தாளரின் மேசைக்குப் போகும். பிடிக்கவில்லை என்பதையும் தகவல் தவறு என்பதையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். ஒளிபரப்பு நெறியை மீறியது என்று உறுதியாகத் தோன்றினால் மட்டும், ஊடக உள்ளடக்கம் பற்றிய புகார்களைக் கவனிக்கும் உள்ளடக்க மன்றத்திடம் புகார் செய்யலாம். இந்தத் தொடரில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

நடிகையின் பாத்திரத்தை நியாயப்படுத்தி ஒருவராவது எழுதுங்கள். வசைக் கடிதங்கள் மட்டுமே போனால் இரண்டாம் பாகத்தில் அவளைத் திருந்த வைத்து, மாமியார் காலில் விழ வைத்து முடித்துவிடுவார்கள். கதைச்சுருக்கம் முடிவானபின் மாற்றுவது கடினம், அதனால் படப்பிடிப்புச் செய்தி வருவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்.