பெயரில்லாத சாக்ஸபோனுக்கு 220 வெள்ளி கொடுக்கலாமா?

கேள்வி: கத்ரி கோபால்நாத் வாசிப்பைக் கேட்டதிலிருந்து ஆல்டோ சாக்ஸபோன் கற்க ஆசை. கரோசெல் இணையச் சந்தையில் ஒருவர் பழையது ஒன்றை 220 வெள்ளிக்கு விற்கிறார். கம்பெனி பெயரே இல்லை. "கொஞ்சம் சர்வீஸ் பண்ணினால் போதும்" என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், அங் மோ கியோ, சிங்கப்பூர்

பதில்: அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆல்டோவில் துளைகளை அடைக்கும் தோல் பேட்கள் இருபதுக்கும் மேல் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் தோல் விறைத்துப் பூஞ்சை பிடிக்கும். எஃகு ஊசி ஸ்பிரிங்குகள் துருவேறி ஒடியும். பேட் அத்தனையும் மாற்றச் சொன்னால் வாங்கிய விலையைக் கூலி தாண்டிவிடும்.

பார்க்கப் போகும்போது, தீபாவளிக்குச் சன்னலில் தொங்கவிடுவோமே, பேட்டரியில் எரியும் மெல்லிய எல்இடி சரம், அதில் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கழுத்தை, அதாவது மவுத்பீஸ் மாட்டும் வளைந்த குழாயை, கழற்றிவிட்டுச் சரத்தைப் பெரிய குழாய்க்குள் இறக்கி, அறையை இருட்டாக்கி, பேட்களைத் தாங்கும் கீகளை ஒவ்வொன்றாக மெதுவாக மூடுங்கள். பேட் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் காற்றும் கசியும். அழுத்தி மூடினால் கசிவு மறைந்துவிடும், விரல் பட்டும் படாமல் இருக்கட்டும். இரண்டு மூன்று இடத்தில் கசிந்தால் கவலையில்லை. பெரிய கீயை அழுத்தும்போது அதன் கை வளைந்து கொடுக்கிறதா என்றும் பாருங்கள். மட்டமான உலோகம் அப்படித்தான்; இன்று சரிசெய்தால் அடுத்த மாதம் மீண்டும் விலகும். பெயரில்லாதவற்றை ரிப்பேர்காரர்கள் தொடத் தயங்குவது இதனால்தான். திருகு தேய்ந்தால் அதே மரை கொண்ட மாற்றுத் திருகும் எளிதில் கிடைக்காது.

அடுத்து கழுத்து. அடிப்பக்கம் சுருக்கம் விழுந்திருந்தால் யாரோ அழுத்தி வளைத்திருக்கிறார்கள். பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உலோகமே அரிக்கிறது, அந்த வாத்தியத்தை வாங்காதீர்கள்.

வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். கீழ் ஸ்தாயியில் மெதுவாக ஊதும்போது சுரம் நடுங்கினால் கசிவு, அது சரியாகும். ஃபோன் டியூனரில் ஒரே சுரம் இரு ஸ்தாயியிலும் 20 சென்ட்டுக்கு (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மேல் முரண்பட்டு, வேறு மவுத்பீஸிலும் அப்படியே இருந்தால் துளைகளின் இடமே தவறாக இருக்கலாம். அதற்குப் பட்டறையில் மருந்தில்லை. சுருதி பிசகிய வாத்தியத்தில் கர்நாடக இசை கற்க உட்காருவது வீண் பாடு!

பெயரில்லை என்பதாலேயே குப்பை என்றும் சொல்ல முடியாது. கான் போன்ற அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஒரு காலத்தில் பிற கடைகளின் பெயரில் நல்ல வாத்தியங்களைச் செய்து கொடுத்தன. கட்டைவிரல் கொக்கி அருகே வரிசை எண் இருந்தால் படம் எடுத்து ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். பழுதுச் செலவை எழுத்தில் வாங்கிக்கொண்டு 220 உடன் கூட்டுங்கள். அது கற்பவர்களுக்கான பழைய யமஹா ஒய்ஏஎஸ்-275 ஆல்டோவின் விலையில் பாதியைத் தாண்டினால் யமஹாவையே வாங்குங்கள். விற்பவர் விளக்கை உள்ளே விடக் கூடாது என்றால், அப்படியே கிளம்பி வந்துவிடுங்கள்.