புறநகருக்குக் குடிபெயர்ந்தால் பணம் மிஞ்சுமா?

கேள்வி: நான் தனியாக வசிக்கிறேன். பணியிடத்துக்கு அருகில், வாடகை மிகுந்த பகுதியில் ஒற்றை அறை. சம்பளத்தில் 45 சதவீதம் வாடகைக்கே போய்விடுகிறது. குடிவந்தபோது முன்பணம் கொடுப்பதற்காக வாங்கிய கடனுக்கு மாதந்தோறும் சம்பளத்தில் 12 சதவீதம் கட்டுகிறேன். இன்னும் ஐந்து தவணைகள் பாக்கி. மாதத்தின் கடைசிப் பத்து நாள்களில் கையில் எதுவும் இருப்பதில்லை. புறநகரில் 32 சதவீதத்துக்குள் ஒரு வீடு இருப்பதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். சனிக்கிழமைக்குள் டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார். மூன்று மாத முன்பணத்துக்குக் கடனும் தானே ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்களே, மாறிவிடலாமா?

பதில்: சனிக்கிழமை பணம் கொடுக்காதீர்கள். வீடு மாறுவதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம். கடனையும் வீட்டையும் ஒரே ஆள் கையில் வைத்துக்கொண்டு உங்களை அவசரப்படுத்துகிறார் என்றால், அந்த அவசரம் அவருடைய கமிஷனுக்கானது.

முதலில் அந்த 30 சதவீதக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். அது தனியாக வாழ்பவரின் தேவைகளை அளந்து கண்ட எண் அன்று. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த ஏழைகளிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று செனட்டர் எட்வர்ட் புரூக்கின் பெயரால் அறியப்படும் திருத்தம் 1969இல் வகுத்தது. 1981இல் அது 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதாவது, வீட்டு உரிமையாளரான அரசுக்குப் போடப்பட்ட கடிவாளம் அது. இன்று அதையே வாடகைதாரரின் கழுத்தில் மாட்டி, 'உன் சம்பளத்துக்கு நீ இங்கே இருக்கலாமா' என்று கேட்கிறார்கள். வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளச் சான்று கேட்கும் உரிமையாளர்களும், வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் விண்ணப்பத்தைத் திருப்பிவிடும் உதவித் திட்டங்களும், வாடகை போக உங்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்பதே இல்லை. நிறைய சம்பாதிப்பவர் 45 சதவீதம் வாடகை கொடுத்தாலும் நிம்மதியாகச் சாப்பிடுவார். குறைந்த சம்பளக்காரர் 30 சதவீதம் கொடுத்தும் கடன் வாங்குவார். கேட்க வேண்டிய கேள்வி, கட்டாயச் செலவுகள் போக மீதி எவ்வளவு என்பதுதான்.

தனியாக இருப்பவருக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. ஆள் இரட்டித்தால் வீட்டுச் செலவு இரட்டிப்பதில்லை; குடும்பங்களின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடும் ஆய்வாளர்கள் பலர் செலவு ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுவதாகக் கொள்கிறார்கள். ஒருவருக்கு 100 தேவை என்றால் இருவருக்கு ஏறத்தாழ 141 போதும். தலைக்கு 71கூட ஆகாது. ஒரே விளக்கு, ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. உங்கள் பணம் பற்றாமல் போவதற்கு உங்கள் ஊதாரித்தனம் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால், வாடகை 45இலிருந்து 32ஆகக் குறைவதில் 13 மிச்சம். நீங்கள் பணியிடத்தின் அருகிலேயே இருப்பதால் இப்போது பயணத்துக்கு 3 செலவாகிறது என்றும், புறநகரிலிருந்து அது 9 ஆகும் என்றும் கொள்ளுங்கள். மிச்சம் 7ஆகச் சுருங்கிவிடுகிறது. தரகருக்கு ஒரு மாத வாடகை 32, சாமான் ஏற்றி இறக்க 3 என்றால் 35. மாதம் 7 மிச்சம் பிடித்து 35ஐ ஈடுகட்ட ஐந்து மாதங்கள் ஆகும். இதில் முன்பணத்தைச் சேர்க்கவே இல்லை. புதிய வீட்டுக்கு மூன்று மாத முன்பணம் 96. பழைய முன்பணமோ அறையைக் காலி செய்து, சுவரில் ஆணி அடித்ததற்கும் வண்ணம் பூசுவதற்கும் பிடித்தது போகத்தான், அதுவும் உரிமையாளருக்கு மனம் வந்தபோது, உங்களுக்குத் திரும்பும். இடைப்பட்ட நாள்களுக்குத்தான் தரகர் கடன் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். மாதம் 7 மிச்சம் பிடிப்பதற்காக அதைவிடப் பெரிய தவணையை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் கடனைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வலையில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். 'வருடத்துக்கு 20 சதவீத ஃபிளாட் வட்டிதான்' என்பார்கள். 120 வாங்கினால் வட்டி 24, மொத்தம் 144, பன்னிரண்டு மாதத்துக்கு 12 வீதம் கட்ட வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் முதல் மாதமே நீங்கள் அசலில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறீர்கள். பத்தாம் மாதத்தில் உங்களிடம் இருக்கும் அசல் மிகச் சொற்பம். வட்டியோ கடைசிவரை முழு 120க்கும் வசூலாகிறது. நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் பார்த்தால், இதன் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 35 சதவீதம். பிராசஸிங் கட்டணம், காப்பீடு என்று முதலிலேயே கழித்துக்கொண்டு கையில் 114 கொடுத்தால் இன்னும் அதிகம். கடன் செயலியோ, வட்டிக்காரரோ, தரகரின் நண்பரோ, யாரானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'என் கைக்கு வருவது எவ்வளவு, நான் கடைசிவரை கட்டப்போவது எவ்வளவு?' இரண்டு எண்களையும் எழுதித் தரத் தயங்குபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒன்று: இன்னும் ஐந்து மாதத்தில் உங்கள் பழைய கடன் தீர்கிறது. அப்போது மாதம் 12 கைக்கு வரும். வீடு மாறினால் கிடைப்பது 7. எதுவும் செய்யாமல் இருந்த இடத்திலேயே இருந்தாலும் அந்த 12 வந்துவிடும்; அது 7ஐவிட அதிகம். ஆகவே அந்த ஐந்து மாதமும் புதுக் கடன் எதையும் வாங்காமல் தாண்டுவதே முதல் வேலை. கடைசிப் பத்து நாள் நெருக்கடிக்கு, சம்பளம் வந்த அன்றே வாடகையையும் தவணையையும் ஒதுக்கிவிட்டு, மீதியை நான்கு வாரமாகப் பிரித்து வைப்பது ஓரளவு உதவும். போதுமான அளவு இல்லாத பணத்தை எப்படிப் பிரித்தாலும் போதாது என்பதும் உண்மைதான்.

பயண நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் ஒரு விதிவிலக்கை விளக்கியாக வேண்டும். போக 40 நிமிடம், வர 40 நிமிடம் கூடுதலாகும் என்றால், மாதம் 25 வேலை நாளில் ஏறத்தாழ 33 மணி நேரம். நீங்கள் மாதம் 200 மணி நேரம் உழைத்து 100 சம்பாதிக்கிறீர்கள் என்றால், அந்த நேரத்தின் மதிப்பு 16க்கும் மேல். 7 மிச்சத்துக்கு 16ஐ விடுவது நஷ்டம் என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுவார்கள். இது அந்த நேரத்தை உங்களிடமிருந்து யாரேனும் காசு கொடுத்து வாங்குவார்களானால் மட்டுமே சரி. மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவருக்கும், மிகைநேர வேலை கேட்டால் கிடைப்பவருக்கும், மாலையில் வேறு சிறு வேலை செய்பவருக்கும் அது நிஜமான நஷ்டம். மாதச் சம்பளம் ஒன்றே வருமானமாக உள்ளவருக்கு அந்த 33 மணி நேரம் தூக்கமும் ஓய்வுமே தவிரக் காசு ஆகாது. அவர் 7ஐ மிச்சமாகவே எண்ணலாம். மாற்றுப்பணி முறையில் வேலை செய்து, இரவில் கடைசி வண்டி போன பிறகு வெளியே வருபவராக நீங்கள் இருந்தால், இந்த வாதம் முழுவதும் தலைகீழாகும்: மாதத்தில் சில இரவுகள் தனி வாகனம் பிடித்தாலே அந்த 7 கரைந்துவிடும். எனவே முடிவெடுக்கும் முன் உங்கள் பணிநேர அட்டவணையையும் கடைசி வண்டியின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

உண்மையில் செலவைக் குறைப்பது வீட்டைப் பகிர்ந்துகொள்வதே. இதே பகுதியில் இரண்டு அறை வீடு 60க்குக் கிடைத்தால் உங்கள் பங்கு 30. பயணச் செலவு கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இன்னொருவர் பெயரில் எடுத்த வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால், அவர் வாடகையைக் கட்டாமல் போகும்போது, ஒழுங்காகக் கட்டிய நீங்களும் வெளியேற நேரும். பெரும்பாலும் உரிமையாளருக்கு நீங்கள் யாரென்றே தெரிந்திருக்காது. இருவர் பெயரும் சேர்ந்திருந்தால், முழு வாடகைக்கும் இருவருமே பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

எந்த வீடானாலும், சாவி வைத்திருப்பவரெல்லாம் உரிமையாளர் அல்லர். சொத்து வரி ரசீதிலோ பத்திரத்திலோ உள்ள பெயரும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் பெயரும் ஒன்றா என்று பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்தால், எதற்காக, வீடு அமையாவிட்டால் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதிய ரசீது வேண்டும். குடிபோகும் நாளில் மின் மீட்டரின் எண்ணையும், சுவர்க் கறைகளையும், உடைந்த தாழ்ப்பாளையும் உரிமையாளர் முன்னிலையில் படமெடுத்து, அன்றே அவருக்கும் அனுப்பிவிடுங்கள். முன்பணத்தில் பிடித்தம் செய்வதைத் தடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

கடன் தீர்ந்த பிறகு, தவணையாகப் போன அந்த 12ஐ மூன்று மாதம் தொடாமல் ஒதுக்கினால் 36 சேரும். தரகர் கூலியும் வண்டிக் கூலியும் அதில் அடங்கும். முன்பணத்தைத் தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் உரிமையாளரை அப்போது தேடுங்கள். புறநகர் வீட்டையே விரும்பினால், ஞாயிறன்று போய்ப் பார்த்துவிட்டு வராமல், ஒரு வேலை நாளில், நீங்கள் வழக்கமாகக் கிளம்பும் அதே நேரத்தில் அங்கிருந்து பணியிடம்வரை ஒருமுறை பயணம் செய்து பாருங்கள்.