மூச்சுப் பட்டறை முடிந்து மூன்று வாரம், அழுகை நிற்கவில்லை: இரண்டாம் நிலைக்குப் போகலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 38. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. தோழி அழைத்ததால், மலையடிவார விடுதி ஒன்றில் நடந்த இரண்டு நாள் மூச்சுப் பட்டறைக்குப் போயிருக்கிறார். கண்ணைக் கட்டிப் படுக்கவைத்து, காது அதிர மேளச் சத்தம் போட்டு, ஒன்றரை மணி நேரம் இடைவெளியே விடாமல் வாயால் மூச்சை இழுத்து விடச் சொன்னார்களாம். கைகள் இரண்டும் மடங்கி விறைத்துக்கொண்டன. அப்புறம் அடக்க முடியாத அழுகை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோன அம்மாவின் முகம் வந்தது. சிறுவயதில் இருட்டறையில் அடைபட்டு நிற்பதாக ஒரு காட்சியும் வந்தது.

மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் திடீர் திடீரென்று அழுகை வருகிறது. தூக்கம் விட்டுவிட்டு வருகிறது. சத்தம் கேட்டால் உடம்பு திடுக்கிடுகிறது. வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார். மயக்கமோ வலிப்போ வரவில்லை. அவருடைய கேள்விகள் மூன்று. மூளையில் ஏதாவது ஆகிவிட்டதா? ‘பாதி திறந்த காயத்தை மூடாமல் விடக் கூடாது, இரண்டாம் நிலைக்கு வாருங்கள்’ என்று 28,000 ரூபாய் கேட்கிறார்கள், போகலாமா? அந்த இருட்டறையைப் பற்றி அப்பாவிடம் கேட்கச் சொல்லிப் பயிற்சியாளர் வற்புறுத்துகிறார், கேட்கலாமா?

மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நிலைக்குப் போகாதீர்கள். அப்பாவிடம் இப்போது கேட்காதீர்கள். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கை. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற நான்கு விரல்களும் நீட்டியபடி ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டு உள்பக்கம் வளைந்திருக்கும். உங்களுக்கு ஆனது இதுதானே? அதைப் பார்த்து ‘துக்கத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள், அது வெளியே வருகிறது’ என்று பயிற்சியாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். துக்கமே இல்லாத ஒருவரை அதே வேகத்தில் மூச்சு விடச் சொன்னாலும் கை இப்படி மடங்கக்கூடும். கரியமில வாயு என்றால் உடம்பிலிருந்து வெளியேற வேண்டிய கழிவு என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் ரத்தத்தில் அது ஓரளவு இருந்தே ஆக வேண்டும். வேகவேகமாக மூச்சு விட்டால் அது அளவுக்கு மீறி வெளியேறிவிடும், ரத்தத்தின் காரத்தன்மை ஏறும். உடனே ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, நரம்புக்குக் கிடைப்பது குறைகிறது. நரம்புகள் தாமாகவே துடிக்க ஆரம்பிக்கின்றன. உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் ஊசி குத்துவது, கை விறைப்பது எல்லாம் இதனால்தான். மூளையின் ரத்தக்குழாய்களும் சுருங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. மிதப்பது மாதிரியும் கனவு மாதிரியும் தோன்றுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

வலிப்பு நோய் இருக்கிறதா என்று மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து பார்க்கிற இ.இ.ஜி. அறையிலும் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், ஒளிந்திருக்கும் வலிப்பு அலையைத் தூண்டிப் பார்ப்பதற்காக. அது வழக்கமாக 3 நிமிடம். ஆள் பக்கத்திலேயே நிற்பார்கள். உங்களை ஒன்றரை மணி நேரம் செய்ய வைத்திருக்கிறார்கள், அதுவும் வலிப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காமல்!

இந்த முறை அமெரிக்காவில் பிறந்தது. பிராகாவிலிருந்து அங்கே போன மனநல மருத்துவர் ஸ்டானிஸ்லாவ் கிராஃப், மனமயக்கக் காட்சிகளை உண்டாக்கும் எல்.எஸ்.டி. என்ற மருந்தை வைத்து ஆராய்ச்சி செய்தவர். அந்த மருந்துக்குத் தடை வந்த பிறகு, 1970-களில், கலிபோர்னியாவின் எஸலன் மையத்தில் இருந்தபோது தன் மனைவி கிறிஸ்டினாவோடு சேர்ந்து மூச்சையும் இசையையும் கொண்டு இதை உருவாக்கினார். இதய நோய், வலிப்பு, கர்ப்பம், கண் அழுத்த நோய், கடுமையான மனநோய் உள்ளவர்கள் செய்யக் கூடாது என்று அவரே வகுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொருவர் பக்கத்திலும் துணைக்கு ஒருவர் உட்கார வேண்டும் என்பதும் அவருடைய முறைதான். இங்கே நடக்கும் பட்டறைகள் பலவற்றில் அந்தப் பட்டியல் காணாமல் போய், மேளமும் கண்கட்டும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

மூச்சு பழைய நிலைக்கு வந்த சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் நடந்த இந்த மாற்றங்கள் இறங்கத் தொடங்கிவிடும். அன்றைக்குத் தலைவலியும் அசதியும் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே மூன்று வாரம் கழித்து வருகிற அழுகைக்குக் கரியமில வாயுவைக் காரணம் சொல்ல முடியாது. அது உங்கள் அம்மாவுக்கான அழுகை. அந்த 2021 மே மாதம் எப்படி இருந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். வார்டுக்குள் விடவில்லை. பையில் சுற்றிக் கொடுத்தார்கள், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, உறவுகள் வந்து நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மறுவாரமே அலுவலகக் கணக்கில் உட்கார்ந்தும்விட்டீர்கள். அழ வேண்டிய நேரத்தில் அழ விடாத துக்கம் அது. இருட்டு, இசை, மூச்சு, பக்கத்தில் அழுகிற நாற்பது பேர் எல்லாம் சேர்ந்து அதைக் கிளப்பிவிட்டிருக்கின்றன. பட்டறை அதைப் புதிதாக உண்டாக்கவுமில்லை, ஆற்றவுமில்லை.

இந்த இடத்தில்தான் வியாபாரம் நுழைகிறது, என் கோபமும் அங்கேதான். கிளறப்பட்ட மனம் இளகிக் கிடக்கும். யார் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று வாரத்துக்குள்தான் வாட்ஸ்அப்பில் அடுத்த நிலைக்கான அழைப்பு வரும், ‘வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் சலுகை’ என்று. அழுகை நின்றால் ‘பார்த்தீர்களா, வேலை செய்கிறது’ என்பார்கள். நிற்கவில்லை என்றால் ‘இன்னும் உள்ளே இருக்கிறது’ என்பார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், இன்னொரு பட்டறை. அதற்கு மேலே, நீங்களே பயிற்சியாளராகலாம் என்று ஒரு லட்சத்துக்கு ஒரு படிப்பு. துக்கம் ஆறுவதற்கு அதை மறுபடி மறுபடி கிளறத் தேவையில்லை. கிளறியது அடங்கக் காலம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வலையும் உண்டு. ‘மாத்திரை உணர்வை அமுக்கிவிடும், நிறுத்துங்கள்’ என்று சொல்லும் பயிற்சியாளர்கள். நீங்கள் மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. எடுப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்கிறேன். பைபோலார் நோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பத் தாக்கும் ஆபத்து அதிகம். மனச்சோர்வு மாத்திரைகளை ஒரேயடியாக விட்டால் தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். அதையும் ‘சக்தி ஏறுகிறது’ என்று சொல்ல ஆள் இருக்கிறது. எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் தொடாதீர்கள்.

டீக்கடை வைப்பவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டிய நாடு இது. நாற்பது பேரைப் படுக்கவைத்து மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறவருக்குப் பதிவு, தகுதி, பொறுப்பு எதுவும் வேண்டாம். ‘மன ஆலோசகர்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். சரி, மருத்துவரிடம் போகலாம் என்றால் அங்கே மட்டும் என்ன வாழ்கிறது? எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்கு இன்னும் தனித் தேர்வு கிடையாது. படபடப்பு என்று போனால் இ.சி.ஜி., எக்கோ, தலைக்கு எம்.ஆர்.ஐ. என்று எழுதுவார்கள். ‘அண்மையில் ஏதாவது பட்டறைக்குப் போனீர்களா, வீட்டில் யாராவது இறந்தார்களா’ என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. மக்கள் மூச்சுப் பட்டறையைத் தேடிப் போவதற்கு எங்கள் மருத்துவத் துறையும் ஒரு காரணம்தான். அங்கே கேட்பதற்கு ஆளாவது இருக்கிறதே என்று போகிறார்கள்.

இருட்டறைக்கு வருகிறேன். அந்தக் காட்சி பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நினைவு வீடியோ பதிவு கிடையாது. எடுக்கும் ஒவ்வொரு முறையும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக, நடக்காத கதையை 24 பேரிடம் உறவினர் சொன்னதாகச் சொன்னார்கள். அவர்களில் 6 பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ தமக்கு நினைவிருப்பதாக நம்பினார்கள். அவர்கள் மயங்கிய நிலையில்கூட இல்லை. நீங்களோ அரைக்கனவில் கண்கட்டோடு கிடந்திருக்கிறீர்கள். ‘இது உங்கள் அப்பா செய்தது’ என்று சொன்னவர் பயிற்சியாளர், உங்கள் நினைவு அல்ல. உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள், காட்சியில் அப்பா வரவே இல்லை. பட்டறைக்கு முன்பிருந்தே உங்களுக்குத் தெரிந்த ஒரு கொடுமை என்றால் கதை வேறு. அதைத் தகுந்த உளவியலாளரோடு உட்கார்ந்து பேசலாம், பேச வேண்டும். இப்போது முதல்முறையாக முளைத்த காட்சியை வைத்துக்கொண்டு 70 வயதுக்கு மேற்பட்ட அப்பாவை விசாரிக்காதீர்கள். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேலையை விடுவது, உறவை முறிப்பது, சொத்துப் பேச்சு, இவையும் இரண்டு மாதத்துக்கு வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். படுக்கும் நேரம், எழும் நேரம் மாறக் கூடாது. காலையில் அரை மணி நேரம் வெயிலில் நடங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டு, முகம் கழுவி, விட்ட வேலையைத் தொடருங்கள். அதை அலசிப் பார்க்க இரவு இரண்டு மணி வரை டைரி எழுத வேண்டாம். திடுக்கிடும்போது மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம் போதும். மூச்சைக் கவனித்தாலே பயம் வருகிறது என்றால் அதையும் விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கபாலபாதி, பஸ்திரிகை மாதிரி வேகப் பயிற்சிகள் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் அண்ணனுக்கும் அதே அம்மாதானே? அவரோடு உட்கார்ந்து அந்த மே மாதத்தைப் பேசுங்கள். வீட்டில் திதி கொடுக்கும் வழக்கம் இருந்தால், இந்த வருடம் கோயிலுக்குப் பணம் அனுப்பி முடித்துவிடாமல் நீங்களும் கூட இருங்கள்.

காலம் கொடுத்தால் அடங்கும் என்பதற்கு ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எல்லோரும் தவறவிடுகிறார்கள். அழுகிறவரைப் பார்த்து வீட்டார் பயப்படுவார்கள். ஆனால் பட்டறை முடிந்து பேரானந்தமாகத் திரும்பி வருகிறாரே, அவரைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன். இரண்டு மூன்று மணி நேரம்தான் தூங்குகிறார், ஆனால் அசதியே இல்லை. நள்ளிரவில் அலமாரியைக் காலி செய்து அடுக்குகிறார். பேச்சு நிற்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் செய்தி அனுப்புகிறார். நகையை அடகு வைத்துப் பயிற்சியாளர் படிப்புக்குப் பணம் கட்டப் பார்க்கிறார். தனக்கு ஏதோ பணி கொடுக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறார். ‘ஞானம் வந்துவிட்டது’ என்று வீட்டில் பெருமைப்படுவார்கள், குழுவில் கைதட்டுவார்கள். அது, மனம் அளவுக்கு மீறி எழுவதும் சோர்ந்து விழுவதுமாக மாறி மாறி வரும் பைபோலார் நோயின் எழுச்சி நிலையாக இருக்கலாம். குடும்பத்தில் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ முன்பு இப்படி இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தூங்கிவிட்டால் சரியாகும் என்று விட்டால், அடுத்த வாரம் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலைமை வரும். அவராக வரமாட்டார், வீட்டார்தான் கூட்டி வர வேண்டும்.

யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பது, யாரோ கண்காணிப்பதாகத் தோன்றுவது, சாக வேண்டும் என்ற எண்ணம் வருவது ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மயக்கம், வலிப்பு, நெஞ்சுவலி வந்தால் பொது மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் நிலைமை அப்படி இல்லை. ஆனாலும் மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டிருப்பதால் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள்தான் விசாரித்துத் தேட வேண்டியிருக்கும், சலித்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். தனியாரிடம் போனால், மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இரண்டாம் நிலைக்கு ஏற்கெனவே 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். தொலைபேசியில் பேசாதீர்கள், பேசினால் சமாதானப்படுத்திவிடுவார்கள். ‘உடல்நலக் காரணத்தால் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தரவும்’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, கட்டிய ரசீதின் படத்தை இணையுங்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.