துணை ஒப்பந்தத்தில் வேலை செய்யும் சொத்து மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பை நிறுவனம் மாற்றிவிட்டால் என்ன செய்வது?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி: ஒரு மதிப்பீட்டு நிறுவனம் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. வீட்டைப் பார்ப்பதும் அளப்பதும் அறிக்கை எழுதுவதும் நீங்கள். கையெழுத்து அவர்களுடைய மூத்த மதிப்பீட்டாளருடையது. சென்ற மாதம் நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பு ஒன்று, வங்கிக்குப் போன அறிக்கையில் இருந்தது வேறொன்று என்று தற்செயலாகத் தெரியவந்திருக்கிறது. வருமானத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பேசாமல் இருப்பதா, நிறுவனத்திடம் கேட்பதா, வங்கிக்கே எழுதிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தத் தொழிலில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் 9 ஆண்டுகள் உங்களைப் போலத்தான் வேலை செய்தேன். இப்போது நானே இருவருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறுவனத்திடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஆனால் குற்றம் சாட்டிக்கொண்டு போகாதீர்கள். கையெழுத்திடுபவருக்கு உங்கள் முடிவிலிருந்து மாறுபட உரிமை உண்டு, பொறுப்பு அவருடையது. நீங்கள் எடுத்த மூன்று ஒப்பீட்டு விற்பனைகளில் (மதிப்பை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளும், அதேபோன்ற சொத்துகளின் விற்பனைகள்) ஒன்று உறவினருக்குள் நடந்த விற்பனை என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அப்படியென்றால் அந்தக் காரணம் அறிக்கையிலோ கோப்பிலோ இருக்கும். காரணம் எங்குமே இல்லாமல் எண் மட்டும் நகர்ந்திருந்தால்தான் பிரச்சினை. அதைவிட மோசம், மாற்றிய எண்ணுக்கு நீங்களும் உடன்பட்டதுபோல உங்கள் பெயர் நிற்பது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டு, ஒரு பழைய வீட்டின் பின்னறை. சுவரில் ஓர் அலமாரியின் அகலத்துக்கு மட்டும் புது வண்ணம் பூசியிருந்தார்கள். அலமாரியைச் சற்று நகர்த்தச் சொல்லிக் கட்டைவிரலால் அழுத்தினேன். பூச்சு உள்ளே போனது, விரலில் ஈரம். மூன்று படங்கள் எடுத்து, ஒரு பத்தி எழுதி, பழுதுபார்க்கும் செலவைக் கழித்து மதிப்புப் போட்டேன். மாலையில் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். எண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "படங்கள் நிறைய இருக்கின்றன, அந்த மூன்றை எடுத்துவிடலாமே? ஈரம் பற்றிய பத்தியும் படிப்பவரை வீணாகப் பயமுறுத்தும். செலவைத்தான் கழித்துவிட்டீர்களே" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். மதிப்பை மாற்றவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து அந்த வீட்டை வாங்கியவர் என் தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தார். நேரில் பார்வையிட்டவர் என்று அறிக்கையில் என் பெயர் இருந்தது. அவர் கோபப்படவில்லை. "ஐயா, நீங்கள் அந்தப் பின்னறைக்குள் போகவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். போயிருந்தேன். அந்தச் சுவரைத் தொட்டும் பார்த்திருந்தேன். அன்று அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைவிட, சொல்ல முடியாமல் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதுதான் நினைவிருக்கிறது. மேலிருந்து வரும் அழுத்தம் பெரும்பாலும் எண்ணாக வருவதில்லை, ஒரு படமாகவும் ஒரு பத்தியாகவும் வருகிறது என்று அன்றுதான் கற்றேன்.

அதற்காக, வரும் கேள்வி ஒவ்வொன்றையும் அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இடத்தில் பல இளைஞர்கள் தடுமாறுகிறார்கள். "பக்கத்துத் தெருவில் இரண்டு மாதம் முன்பு ஒரு விற்பனை நடந்திருக்கிறது, பார்த்தீர்களா?", "மாடியின் பரப்பு வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லையே", "தேய்மானத்தை ஏன் இந்த அளவு போட்டீர்கள்?" இவை நியாயமான கேள்விகள். மீண்டும் அளந்து பார்த்து, தவறு என்னுடையது என்றால் மதிப்பை மாற்றுவதில் எந்த வெட்கமும் இல்லை. "இன்னும் 12 சதவீதம் கூடினால் கடன் நிறைவேறும்" என்பது வேறு. முன்னதில் ஒரு தகவல் வருகிறது. பின்னதில் ஒரு தேவை மட்டுமே வருகிறது. அமெரிக்காவில் 2010இல் வந்த டாட்-ஃபிராங்க் என்ற நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டம் இந்த எல்லைக்கோட்டை மிகத் தெளிவாகப் போட்டது. மதிப்பீட்டாளரை மிரட்டுவது, ஆசை காட்டுவது, குறிப்பிட்ட எண்ணை நோக்கித் தள்ளுவது எல்லாம் தவறு. கூடுதல் ஒப்பீட்டு விற்பனைகளைக் கருதச் சொல்லலாம், விளக்கம் கேட்கலாம், பிழையைத் திருத்தச் சொல்லலாம். வேறு நாட்டில் வேலை செய்பவருக்கும் இது நல்ல அளவுகோல்தான்.

அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 2000க்கும் 2007க்கும் இடையில், வீடுகளுக்குச் செயற்கையாக உயர்ந்த மதிப்புப் போடச் சொல்லிக் கடன் கொடுப்பவர்கள் தங்களை நெருக்குகிறார்கள், மறுக்கும் நேர்மையானவர்களுக்கு வேலை கிடைப்பதில்லை என்று சுமார் 11,000 மதிப்பீட்டாளர்கள் கையெழுத்திட்ட மனு ஒன்று வாஷிங்டன் அதிகாரிகளிடம் போனது. 2008 நிதி நெருக்கடியை விசாரித்த ஆணையத்தின் 2011 அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. தனியாக மறுத்தவரை ஒதுக்கிவிட முடிந்தது என்பதுதான் அதில் என்னை உறுத்துவது. நீங்கள் இன்று பயப்படுவது வீண் பயம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி மறுபக்கம். வங்கிக்கு நேரடியாக எழுதும் எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வங்கி உங்கள் வாடிக்கையாளர் அல்ல, நிறுவனத்தின் வாடிக்கையாளர். வேலை கொடுத்தவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம், அதிலும் குறைவைக்கக் கூடாது. ஒரு முறை பார்வையிட்டுத் திரும்பும்போது வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, "அடுத்த சொத்துக்கு உங்களிடமே நேராக வருகிறேன், கட்டணமும் குறையும், உங்கள் அட்டையைக் கொடுங்கள்" என்றார். நான் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைத்தான் எழுதிக் கொடுத்தேன், அன்றே நிறுவனத்துக்கும் தெரிவித்தேன். மதிப்பு எவ்வளவு வரும் என்று வாசலில் கேட்டவர்களுக்கு வாய் திறந்ததில்லை. ஒரு நிறுவனத்தின் கோப்பிலிருந்த விவரத்தை இன்னொரு நிறுவனத்தின் அறிக்கையில் எடுத்துப் போட்டதும் இல்லை. எனக்குப் பழக்கமில்லாத ஒரு குளிர்பதனக் கிடங்கு வந்தபோது தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து வந்தவர் ஒருநாள் எண்ணைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது, அது தொல்லையாகத் தெரிவதில்லை. இப்போது வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது: வாடிக்கையாளரை என் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளும் ஒருவர் சுவரில் ஈரம் இருக்கிறது என்று சொன்னாலும், எனக்கு ஒரு நொடி சந்தேகம் வரும். அந்த ஒரு நொடிகூட வரக் கூடாது.

ஒப்பந்தத்தில் இது வரை இல்லாவிட்டால் இனியாவது எழுதி வாங்க வேண்டியவை சில. இறுதி அறிக்கையின் நகல் உங்களுக்கு வர வேண்டும். நீங்கள் எழுதியதை மாற்றினால் தெரிவிக்க வேண்டும். நீங்கள் உடன்படாவிட்டால் உங்கள் பெயர் களப் பார்வைக்கு மட்டுமே பொறுப்பு என்று நிற்க வேண்டும். கட்டணம் மதிப்பையோ கடன் நிறைவேறுவதையோ பொறுத்து இருக்கக் கூடாது. மதிப்பீட்டில் கணிசமாக உதவியவரின் பெயரை, அறிக்கையில் மதிப்பீட்டாளர் கையெழுத்திடும் சான்றுரையில் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க மதிப்பீட்டுத் தர விதிகளில் உண்டு. பணிக் கோப்பைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் உண்டு. உங்கள் ஊர் விதி எதுவாக இருந்தாலும், படங்கள், அளவுக் குறிப்பு, நீங்கள் அனுப்பிய வடிவம் ஆகியவற்றைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அறிக்கையைத் திருத்த முடியாத கோப்பாக அனுப்புங்கள்.

வருமானத்தைப் பற்றி உங்களுக்குப் பொய்யான தைரியம் சொல்ல மாட்டேன். அந்த ஈரச் சுவருக்குப் பிறகு, இனி ஒரு வரியையும் காரணமில்லாமல் எடுக்க மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்ததும், 11 வாரம் எனக்கு வேலை வரவில்லை. கையிருப்பு கரைந்தது. வேறு இரண்டு நிறுவனங்களில் பதிவு செய்துகொண்டுதான் மீண்டேன். ஒரே இடத்தை நம்பியிருப்பவருக்கு மறுப்பது மிகக் கடினம். ஆகவே இன்னொரு நிறுவனத்தை இப்போதே தேடத் தொடங்குங்கள், இப்போதுள்ள நிறுவனத்தோடு சண்டை வந்த பிறகு அல்ல.

இந்த வாரம் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் நான்கு வரிதான். "இந்தச் சொத்துக்கு நான் இந்தத் தேதியில் அனுப்பிய அறிக்கையில் மதிப்பு இவ்வளவு. இறுதி அறிக்கையில் வேறு மதிப்பு இருப்பதாக அறிகிறேன். மாற்றத்துக்கான காரணத்தையும் இறுதி அறிக்கையின் நகலையும் அனுப்ப வேண்டுகிறேன். நான் ஏதேனும் தவறவிட்டிருந்தால் திருத்திக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்." கடைசி வரியை மனதார எழுதுங்கள், ஏனென்றால் தவறு உங்களுடையதாகவும் இருக்கலாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து, கையெழுத்திட்ட மூத்த மதிப்பீட்டாளருக்கே நேரடியாக அனுப்புங்கள். மாற்றம் அவருக்கே தெரியாமல் அலுவலகத்தில் நடந்திருக்கவும் கூடும். அவரும் காரணம் சொல்ல மறுத்தால், அந்த அறிக்கையிலிருந்து உங்கள் பெயரை நீக்கும்படி எழுதுங்கள். அதையும் செய்யவில்லை என்றால், உங்களுக்கு உரிமம் தந்த அமைப்பிடம் ஆவணங்களோடு போங்கள். இது தீரும்வரை அந்த நிறுவனத்திடமிருந்து புதிய வேலை எதையும் ஏற்காதீர்கள்.