ஆறு நாடுகள் வேண்டாம், ரோம் ஒன்று போதும்

கேள்வி: வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியுடன் மதுரை திருநகரில் வசிக்கிறேன். ரோம் நகரை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சுற்றுலா நிறுவனம் ஒன்று மே மாதத்தில், பத்து நாளில் ஆறு நாடுகள் என்று அழைக்கிறது. அதில் ரோமுக்கு ஒன்றரை நாள். என் தங்கை மகனோ, விமானச் சீட்டைத் துண்டு துண்டாக வாங்கினால் பாதிச் செலவில் நாங்களே போய் வரலாம் என்கிறான். மனைவி அசைவம் சாப்பிடுவதில்லை. எங்களால் சமாளிக்க முடியுமா?

பதில்: ஐயா, முடியும். ஆனால் சுற்றுலா நிறுவனத்தின் திட்டமும் வேண்டாம், தங்கை மகனின் யோசனையும் வேண்டாம். ரோமுக்கு ஒன்றரை நாள் என்பது, வெளியூரிலிருந்து வந்தவர் மீனாட்சியம்மன் கோயிலைக் கீழக் கோபுர வாசலில் நின்று பார்த்துவிட்டு வண்டியேறுவதைப் போன்றது. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பாதிப் பொழுது பேருந்திலேயே கழியும். அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். பத்து நாளும் ரோமிலேயே தங்குங்கள்.

தனித்தனிச் சீட்டைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து ரோமுக்கு வேறொரு நிறுவனத்திலும் சீட்டு வாங்கினேன். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது விமானம் புறப்பட்டுவிட்டிருந்தது. இரண்டும் வேறுவேறு ஒப்பந்தம் என்று இரு நிறுவனத்தாரும் கைவிரித்துவிட்டார்கள். அன்றிரவு அங்கேயே வாங்கிய புதுச் சீட்டில், மிச்சம் பிடித்ததைப் போல் இரண்டு பங்கு பணம் போனது. ஆகவே சென்னையிலிருந்து ரோமின் ஃபியூமிச்சினோ விமான நிலையம் வரை ஒரே முன்பதிவு எண்ணில் சீட்டு வாங்குங்கள். துபாய், தோஹா, அபுதாபி ஆகிய மூன்று வழிகளின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே சீட்டாக இருந்தால் பெட்டிகள் நேராக ரோமுக்கே போய்விடும். வழியில் விமானம் தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

மதுரையிலிருந்து சென்னைக்கும் விமானத்தில்தான் போக வேண்டும் என்பதில்லை. வைகை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரிலேயே விமான நிலையம். நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானத்திற்கு, முந்தைய நாள் பிற்பகலில் போய்ச் சேரும் இந்த ரயில் மிகவும் பொருத்தமானது. ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் பதற வேண்டியதில்லை.

நீங்கள் பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதால், மே மாதத்தை விட்டுவிட்டுப் பொங்கல் கழிந்து பிப்ரவரியில் செல்லுங்கள். விமானக் கட்டணமும் அறை வாடகையும் இறங்கியிருக்கும் காலம் அது. டிசம்பர் மாதக் கொடைக்கானல் குளிரை எதிர்பார்த்துக் கம்பளி எடுத்துக்கொண்டால் போதும்.

அறையைப் பொறுத்தவரை, ஆஸ்டியன்ஸே ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் சமையலறையுள்ள வீடாகப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து நகரின் முதன்மை நிலையமான தெர்மினிக்கு விரைவு ரயிலில் வர ஒருவருக்கு 14 யூரோ. சாதாரண ரயிலில் 8 யூரோவுக்கு ஆஸ்டியன்ஸேயிலேயே இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து கொலோசியம் மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம். பக்கத்தில் இருக்கும் டெஸ்டாச்சோ சந்தையில் காய்கறி வாங்கி ஒரு வேளையாவது நீங்களே சமைத்துக்கொண்டால், உங்கள் மனைவிக்குச் சாப்பாட்டுக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பருப்புப் பொடி எடுத்துச் செல்லுங்கள். நெய்யும் பால் இனிப்பும் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. வெளியில் சாப்பிடும்போது, பீட்சாவைக் கத்தரியால் வெட்டி எடைபோட்டு விற்கும் கடைகளைத் தேடுங்கள். தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா அவருக்கு ஏற்றது. குடிநீருக்குக் காசு செலவழிக்க வேண்டியதே இல்லை. 1874 முதல் தெருவெங்கும் வைக்கப்பட்ட இரும்புக் குழாய்களில் நல்ல நீர் ஓடிக்கொண்டே இருக்கும். வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியே நீர் பீறிட்டு எழும். அப்படியே வாய்வைத்துக் குடிக்கலாம்.

ரோமின் மிகச் சிறந்தவை பலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதைச் சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதில்லை. புனித பேதுரு பேராலயம் இலவசம். மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசேயின் சிலை சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை. சான் லூயிஜி தேவாலயத்தில் இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ வரைந்த மத்தேயு ஓவியங்கள் மூன்று உண்டு. அந்தப் பக்கச் சிற்றாலயம் இருட்டாக இருக்கும். யாராவது உண்டியலில் நாணயம் போட்டவுடன் விளக்கு எரிந்து, ஓவியத்துக்குள் சன்னல் ஒளி சாய்ந்து விழும் முகங்கள் தெரியும். சற்று நேரத்தில் மறுபடியும் இருட்டு. அங்கு அரைமணி நேரமாவது நின்று பாருங்கள். மதுரைக்காரர் என்ற முறையில் ஜெசு தேவாலயத்தையும் தவறவிடாதீர்கள். 1606-இல் நம் ஊருக்கு வந்து, காவி உடுத்தித் தமிழும் வடமொழியும் கற்ற இராபர்ட் தெ நொபிலி சார்ந்திருந்த இயேசு சபையின் தாய்க் கோயில் அது.

கொலோசியத்துக்கு இணையத்தில் முன்கூட்டியே சீட்டு எடுத்துவிடுங்கள். சீட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசுக் காட்சியகங்கள் இலவசம் என்றாலும், கொலோசியத்தில் அன்று கூட்டம் நெரியும். அந்த நாளை ரோமப் பேரரசர் கராகல்லாவின் பழங்காலக் குளியல் மண்டபத்துக்கு ஒதுக்குங்கள். கடையிலோ பணம் எடுக்கும் இயந்திரத்திலோ ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம்.

இனி விசா. இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஒருவருக்கு 90 யூரோ கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும் முன், ரத்து செய்தால் பணம் திரும்பாத சீட்டு எதையும் வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவு விவரம் இருந்தால் போதும். பிப்ரவரிப் பயணத்துக்கு ஆகஸ்டிலேயே கதவு திறந்துவிடும் என்றாலும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். அது பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், இரண்டு பக்கம் வெற்றாகவும் இருக்க வேண்டும். உங்கள் இருவருடையதையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.