கப்பலில் ஏற கிரெடிட் கார்டு வேண்டுமா?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி, அக்கா, நான் மூன்று பேரும் டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் 4 இரவு பயணம் போகிறோம், பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பல். டிக்கெட் பணத்தை டிராவல்ஸ் மூலமாகக் கட்டிவிட்டோம். இப்போது ஆன்லைன் செக்-இன் செய்ய உட்கார்ந்தால், கப்பலுக்குள் ஆகும் செலவுக்கு ஒரு கார்டு எண் கொடு என்று கேட்கிறது. எங்களில் யாருக்கும் கிரெடிட் கார்டு கிடையாது, இந்த வயதில் வாங்கும் எண்ணமும் இல்லை. பென்ஷன் வரும் கணக்கின் டெபிட் கார்டைக் கொடுத்துவிடலாமா? கார்டே கொடுக்காவிட்டால் ஏற விடமாட்டார்களா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கார்டு இல்லாவிட்டாலும் ஏறலாம் ஐயா, பயப்படாதீர்கள். ஆனால் அந்த பென்ஷன் கணக்கு டெபிட் கார்டை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கப்பலுக்குள் கடை, மதுக்கூடம், தனிக் கட்டண ரெஸ்டாரண்ட், ஸ்பா எங்கேயும் ரொக்கம் வாங்கமாட்டார்கள். அறைச் சாவியாக ஒரு பிளாஸ்டிக் அட்டை தருவார்கள், ராயல் கரீபியன் கப்பலில் அதற்கு ‘சீபாஸ்’ என்று பெயர், மற்றக் கம்பெனிகளில் வேறு பெயர்கள். வாங்கியதெல்லாம் அந்த அட்டை வழியாக உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும், நம்மூர் மளிகைக் கடை பற்று நோட்டு மாதிரி. கடைசி நாளில் அந்தப் பற்றை யார் தீர்ப்பார்கள் என்பதற்குத்தான் இப்போதே கார்டு கேட்கிறார்கள். கிரெடிட் கார்டு கொடுக்கலாம், டெபிட் கார்டு கொடுக்கலாம், இரண்டும் இல்லாமல் ரொக்கத்தை முன்பணமாகவும் கட்டலாம். இந்த மூன்றாவது வழியைப் பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன, விளம்பரம்தான் செய்வதில்லை. செக்-இன் பக்கத்தில் ‘கேஷ்’ என்றோ ‘பிறகு கொடுக்கிறேன்’ என்றோ சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். கண்ணில் படவில்லை என்றால் அந்தப் பகுதியை நிரப்பாமல் விட்டு, துறைமுகக் கவுன்டரில் சொல்லிக்கொள்ளலாம். எதற்கும் டிராவல்ஸ்காரரிடம், உங்கள் கம்பெனியில் ரொக்க முன்பணம் உண்டா, குறைந்தபட்சம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதைச் சொல்ல வேண்டியது அவர் வேலை, ஆனால் நாம் கேட்காமல் அவராகச் சொல்லமாட்டார்.

டெபிட் கார்டு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நான் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் சம்பளக் கணக்கின் டெபிட் கார்டைக் கொடுத்துவிட்டு ஏறினேன். முதல் நாளே ஒரு தொகையை பிளாக் செய்தார்கள் (பணம் கணக்கில் இருக்கும், நாம் எடுக்க முடியாது), சரி, ஒரு தடவைதானே என்று விட்டேன். மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாளும். இறங்கும் அன்று உண்மையான பில்லைத் தனியாக எடுத்தார்கள், அதுவரை பிளாக் செய்ததெல்லாம் விடுபடாமல் அப்படியே கிடந்தது. நான் செலவழித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பணம் கணக்கில் இருந்தும் எடுக்க முடியாமல் நின்றது, அந்த வாரம் வீட்டுக் கடன் தவணை பவுன்ஸ் ஆகி அதற்கு ஒரு அபராதமும் கட்டினேன். கப்பல்காரர் ‘நாங்கள் விடுவித்துவிட்டோம், உங்கள் வங்கியைக் கேளுங்கள்’ என்றார், வங்கியில் ‘அங்கிருந்து தகவல் வரவில்லை சார்’ என்றார்கள். கிரெடிட் கார்டில் இப்படி நடந்தால் அடைபடுவது வங்கி கொடுத்த கடன் வரம்புதான், டெபிட் கார்டில் அடைபடுவது உங்கள் மாத்திரை மருந்துக் காசு.

அதனால் நீங்கள் அமெரிக்க டாலர் நோட்டாக எடுத்துப்போவது நல்லது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பினாலும் பெரிய சர்வதேசக் கம்பெனிகள் பலவற்றின் கப்பல் கணக்கு அமெரிக்க டாலரில்தான், உங்கள் கப்பலுக்கு எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு நாணயத்தைக் கொண்டுபோய் கப்பலில் மாற்றினால் விகிதத்தில் அடி விழும். உரிமம் பெற்ற பணமாற்று நிலையத்தில் பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் காட்டி வாங்குங்கள். நோட்டாக ஒரு பயணத்துக்கு ஒருவருக்கு 3,000 டாலர் வரை வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, உங்களுக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது. ரூபாய் 50,000-க்கு மேல் போனால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, காசோலை அல்லது வங்கி மாற்றம்.

எவ்வளவு கட்டுவது? நீங்கள் ஒன்றுமே வாங்காவிட்டாலும் பணியாளர் டிப்ஸ் என்று தினமும் ஒரு தொகை கணக்கில் தானாக ஏறும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர். 18 என்று வைத்தாலும் 3 பேர், 4 இரவு, 216 டாலர் ஆகிவிடுகிறது. பல பேர் இதைக் கணக்கில் எடுக்காமல் 100 டாலர் கட்டிவிட்டு, மூன்றாம் நாள் காபிக் கடையில் அட்டை வேலை செய்யவில்லை என்று முழிக்கிறார்கள். கட்டிய பணம் தீர்ந்தால் அட்டை அறைக் கதவை மட்டும்தான் திறக்கும், மறுபடி கவுன்டருக்குப் போய்ப் பணம் போட வேண்டும். இதற்கு நல்ல வழி, டிப்ஸை டிராவல்ஸ்காரரிடமே இப்போதே ரூபாயில் கட்டிவிடுவது. கப்பல் நிற்கும் ஊரில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் சுற்றுலா, வைஃபை மாதிரி நிச்சயமாக வேண்டும் என்பதையும் அப்படியே முன்கூட்டி வாங்கிவிட்டால், கப்பலில் உங்களுக்கு மிஞ்சுவது சில்லறைச் செலவுதான். பெரிய சாப்பாட்டுக் கூடம், பஃபே, அங்கே வைத்திருக்கும் தண்ணீர், டீ எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். கோலா, மது, பெயர் போட்ட காபிக் கடை போன்றவை தனி, பானத்தின் விலைமேல் 18 சதவீதமோ அதற்கு மேலோ சேவைக் கட்டணமும் சேரும்.

ஏறியவுடன் விருந்தினர் சேவைக் கவுன்டரில் திருப்பதி வரிசை நிற்கும். உடனே போய் நிற்காமல் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போய்க் கட்டுங்கள், ரசீதை மறக்காமல் வாங்குங்கள். மூன்று பேரையும் ஒரே கணக்கில் சேர்க்கச் சொல்லலாம். அக்கா வேறு அறை என்றாலும் கேட்டுப் பாருங்கள், செய்து கொடுப்பார்கள்.

கேள்வி: டெபிட் கார்டு வேண்டாம் என்றால் வங்கியில் விற்கும் ஃபாரக்ஸ் கார்டு போதாதா? என் பையன் யுபிஐ இருக்கிறதே என்கிறான்.
- வாசகி, திருச்சி

பதில்: யுபிஐயைக் கப்பலில் நம்பிப் போகாதீர்கள் அம்மா, நடுக்கடலில் உங்கள் சிம்முக்கு சிக்னலே இருக்காது. அப்படியே கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் போன் தானாக இணைந்தால் ரோமிங் பில் பயங்கரமாக வரும், ஏறியதும் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டி ஏற்றி வைக்கும் ஃபாரக்ஸ் கார்டு கரையில் இறங்கி வாங்குவதற்கும் ஏடிஎம்மில் எடுப்பதற்கும் நல்லது. ஆனால் அதிலும் இருப்பது உங்கள் சொந்தப் பணம், முன்பணமாக பிளாக் செய்யும் இடத்தில் கொடுத்தால் டெபிட் கார்டின் அதே தலைவலிதான். ஹோட்டல் முன்பணத்துக்கும் வாடகைக் காருக்கும் இதைத் தவிர்க்கச் சொல்லிச் சில வங்கிகளே எழுதி வைத்திருக்கின்றன.

டெபிட் கார்டை அவசரத்துக்கு மட்டும் கையில் வைத்துக்கொள்வதானால், கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ‘ஆன்’ செய்யுங்கள். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டு உள்நாட்டுக்கு மட்டும் திறந்தபடி வரும், மற்றதை நாம்தான் திறக்க வேண்டும். உள்நாட்டு ரூபே கார்டு என்றால் அதுவும் உதவாது, சர்வதேச வகையா என்று கேளுங்கள்.

கேள்வி: மகனிடம் கிரெடிட் கார்டு இருக்கிறது, ஆனால் அவன் எங்களோடு வரவில்லை. அவன் கார்டு எண்ணைப் போட்டுவிடலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எண்ணை மட்டும் போட்டு ஏறினால் கார்டைக் காட்டச் சொல்லும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சில கம்பெனிகளில் கார்டுக்காரர் கையெழுத்திட்டு அனுப்பும் ஒப்புதல் படிவம் உண்டு, அதை முன்பே கேட்டு வாங்குங்கள். அதைவிட லேசான வழி, மகன் தன் வங்கியில் உங்கள் பெயரில் ஒரு ஆட்-ஆன் கார்டு கேட்பது. உங்கள் பெயர் பொறித்து வரும், பில் அவருக்குப் போகும். (பில்லைப் பார்த்ததும் போனும் வரும், அது வேறு விஷயம்.)

கேள்வி: ரொக்கம் கட்டியதில் மீதி இருந்தால் திரும்பத் தருவார்களா? பேரன் கேம்ஸ் ரூமிலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது.
- வாசகி, மதுரை

பதில்: தருவார்கள், ஆனால் எப்படி என்பதைப் பணம் கட்டும்போதே கேளுங்கள், கையில் ரொக்கமாகவா வேறு விதமாகவா என்று. இறங்கும் நாள் காலையில் போகாதீர்கள், அன்று பாதிக் கப்பல் அந்தக் கவுன்டரில்தான் நிற்கும். முந்தின நாள் மாலை கணக்குச் சீட்டை வாங்கி வரி வரியாகப் பாருங்கள், அறை ஃபிரிட்ஜில் தொடாத பாட்டிலுக்கெல்லாம் காசு ஏறியிருப்பது உண்டு, அன்றைக்கே சொன்னால் எடுத்துவிடுவார்கள். பேரன் விஷயம் சுலபம், முதல் நாளே அவன் அட்டையில் செலவு வசதியை நிறுத்தச் சொல்லுங்கள், கதவு திறக்கும், காசு போகாது.